கிணற்றுக்கு எத்தனை கிராம்

வெள்ளம் வடிந்த மறுநாள் காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. எங்களுடையது மணல் நிலம்; மற்ற நாட்களில் கிணற்றின் அடிவரை தெரியும். அன்றைக்குத் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருந்தது. யாருடையதோ ஒரு செருப்பு மிதந்தது. பின்வளவில் மலசலகூடக் குழியும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. அதற்கும் கிணற்றுக்கும் இடையில் அதிக தூரமில்லை.

குழாய்த் தண்ணீர் நின்றுபோயிருந்தது. பவுசர் லொறியில் கொண்டுவந்து தருகிற தண்ணீர் குடிக்க மட்டும் போதும். நாங்கள் பெரியவர்கள் எப்படியும் சமாளித்திருப்போம். ஆனால் பிள்ளை பெற்று இன்னும் நாற்பது நாள் முடியாத என் தங்கை, அவளுடைய வீட்டுக்குள் வெள்ளம் ஏறியதும் எங்களிடம் வந்திருந்தாள். அவளுக்குத் தாய்ப்பால் காணவில்லை. குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டும், போத்தலைக் கழுவ வேண்டும், துணிகளை அலச வேண்டும். முப்பது மில்லிலீற்றருக்கு ஒரு கரண்டி என்று மா டின்னில் போட்டிருந்தது. கொண்டுவந்திருந்த போத்தலில் அளவுக் கோடுகள் தேய்ந்துபோயிருந்தன. இருமல் மருந்தின் மூடியில் பத்துப் பத்தாக அளந்து ஊற்றி, போத்தலின் வெளியே நகப்பூச்சால் நான் புதிதாகக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

சுகாதாரப் பரிசோதகர் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிலோ குளோரின் தூள் கொடுத்துக்கொண்டு போனார். எங்கள் படலையிலும் நின்றார்.

“ஆயிரம் லீற்றருக்கு நூற்றைம்பது கிராம். கூடவும் போடாதீங்க, குறையவும் போடாதீங்க. நாளைக்கு வந்து பாக்கன்.”

எங்கள் கிணற்றில் எத்தனை லீற்றர் இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அகலமும் ஆழமும் தெரிந்தால் காணும், கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒழுங்கையில் மட்டும் எத்தனையோ கிணறுகள்.

பக்கத்து வீட்டு மாமி ஒரு சிரட்டை அள்ளிப் போட்டதாகச் சொன்னா. நானும் அப்படிச் செய்திருப்பேன், வீட்டில் அந்தக் குழந்தை இல்லாவிட்டால். குறைந்தால் வயிற்றோட்டம். கூடினால் அந்தப் பிஞ்சுத் தோலும் குடலும் என்ன பாடுபடும்? இரண்டு பக்கமும் பயமாக இருந்தது.

நான் வீட்டிலிருந்து அபாயா தைக்கிறவள். அளப்பது எனக்குப் புதிதல்ல. தையல் நாடாவைக் கிணற்று வாயில் குறுக்கே பிடித்தேன். உள் அகலம் நாற்பத்தெட்டு அங்குலம், அதாவது நாலு அடி. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பகுதியை அளந்தேன், பத்து அடி. அடியில் சேறு இருந்திருக்குமோ, கல் அதற்குள் புதைந்ததோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் இறக்கினேன். பத்தடிதான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வழி தெரியவில்லை. பள்ளியில் படித்த சூத்திரம் மறந்துபோயிருந்தது. கணவர் சாகாமத்துப் பக்கம் வயலைப் பார்க்கப் போனவர், பாதை தண்ணீரில் மூடுண்டதால் அங்கேயே நின்றுவிட்டார். அவருக்குப் போன் எடுத்தேன். சிக்னல் விட்டுவிட்டு வந்தது.

“அகலத்த எடு... அத அதாலயே பெருக்கு. பிறகு மூணு தசம் ஒண்டு நாலு. பிறகு ஆழம்...” என்றார். நடுவில் எதையோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. பிறகு லைன் அறுந்துவிட்டது.

வெட்டு மேசையில் சோக்கால் எழுதிப் பெருக்கினேன். ஐந்நூறு கன அடி வந்தது. ஒரு கன அடிக்கு இருபத்தெட்டு லீற்றர் என்று போனில் தேடி எடுத்தேன். பதினாலாயிரம் லீற்றர். அதற்குத் தூள் இரண்டு கிலோவுக்கும் மேல்.

கையிலிருந்தது ஒரு கிலோ. அதுவும் சரியாக ஒரு கிலோதானா என்று சந்திக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அந்த மணத்தை அரிசித் தராசில் வைக்கத் தயங்கினார்; இரண்டு சொப்பிங் பேக்கைச் சுற்றிக் கொடுத்த பிறகு நிறுத்தார். ஒரு கிலோ சரியாக இருந்தது. திரும்பும் வழியில் மாமியிடம் மிஞ்சியதையும் கேட்டு வாங்கி வந்தேன். போட்ட ஒரு சிரட்டைக்கே தங்கள் வீட்டுத் தண்ணீர் ஆசுபத்திரி மாதிரி மணக்கிறதென்று அவ சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

உம்மா கிணற்றடியில் வாளியோடு காத்துக்கொண்டிருந்தா. கரைக்கத் தொடங்கச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு குழந்தையைப் பார்க்க உள்ளே வந்தேன். வெட்டு மேசையைக் கடக்கும்போது சோக் எழுத்துக் கண்ணில் பட்டது. நாலால் நாலு பதினாறு. அதை மூன்று தசம் ஒன்று நாலால் பெருக்கி ஐம்பது சதுர அடி.

அங்கேயே நின்றேன். நாலடிக்கு நாலடிச் சதுரத் துணி என்றால் பதினாறு சதுர அடி. அந்தத் துணிக்குள் வட்டம் வெட்டினால் பதினாறைவிடக் குறையத்தானே வர வேண்டும், ஐம்பது எப்படி வரும்? குடைவெட்டுப் பாவாடைக்குத் துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து பாதி அகலத்தைத்தான் குறிப்பேன். அவர் நடுவில் சொல்லி எனக்குக் கேட்காமல் போன சொல் ‘பாதி’. அகலத்தில் பாதியை எடுத்துப் பெருக்க வேண்டும். நான் போட்டிருந்தது நாலு மடங்கு.

ஓடினேன்.

“உம்மா, ஊத்தாதீங்க!”

உம்மா வாளியைத் தூக்கிக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்திருந்தா. எங்கள் தூளில் கொஞ்சம் வாளிக்குள் கரைந்துவிட்டது, மிச்சம் பேக்கில் கிடந்தது; மாமியின் பேக்கை இன்னும் பிரிக்கவில்லை.

“இப்ப என்னடி, கூடவா குறையவா?” என்று கேட்டா.

இரண்டு கிலோ இல்லை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்றேன். உம்மா வாளியை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தா. ஆனால் வாளிக்குள் எவ்வளவு போயிருக்கும்? அரைக் கிலோவைத் தாண்டியிருக்குமா? உம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, கையால் ஒரு அளவு காட்டினா. அந்தக் கையளவை நம்ப எனக்குத் துணிவில்லை.

மிச்சப் பேக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் இந்த முறை தயங்காமல் நிறுத்தார். அறுநூற்றி இருபது கிராம். அப்படியானால் வாளிக்குள் முந்நூற்றி எண்பது. தேவை ஐந்நூற்றி இருபத்தேழு. இன்னும் நூற்றி நாற்பத்தேழு. வழி நெடுக அதையே முணுமுணுத்தபடி வந்தேன். கடைக்காரர் அந்த அளவுக்கு நிறுத்து வேறாகக் கட்டித் தந்த பொட்டலத்தைக் கரைத்து, வாளியைத் தெளியவிட்டு, பிஸ்மி சொல்லிக் கிணற்றைச் சுற்றி ஊற்றினேன். மாமியின் பேக்கை அவவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதிய கணக்கிலும் எங்காவது பிழை இருக்குமோ என்று மேசையில் அழித்து அழித்துப் போட்டுப் பார்த்தேன். தைக்க உட்கார்ந்தால் நூல் ஊசியில் ஏறவில்லை. பவுசர் தண்ணீரில் கரைத்த பால் குழந்தைக்கு மட்டுமட்டாக இருந்தது.

மறுநாள் பரிசோதகர் வந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து ஒரு வில்லையைப் போட்டு, வந்த நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டார். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எப்படிக் கணக்குப் பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. போட்டது காணும், இனி இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற விடுங்கள், மணம் போனதும் கொதிக்க வைத்துப் பாவியுங்கள் என்றார். நான் அதையே இரண்டு தரம் சொல்ல வைத்தேன்.

பின்னேரம் பாதை திறந்து கணவர் வந்து சேர்ந்தார். மோட்டரைப் போட்டு இறைத்தார். புதிதாக ஊறிய தண்ணீரைப் பரிசோதகர் இன்னொரு தரம் பார்த்துச் சரி என்ற பிறகு, கொதிக்க வைத்து ஆற்றிய முதல் கோப்பையைத் தங்கையிடம் கொண்டுபோனேன். அவள் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“ராத்தா, முதல்ல நீங்க குடிங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு முன்னாலேயே குடித்தேன். நாக்கில் இலேசாக ஒரு கசப்பு இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்தேன். உம்மாவும் குடித்தா. பிறகு தங்கை போத்தலை நீட்டினாள். அறுபது மில்லிலீற்றர் ஊற்றி, இரண்டு கரண்டி மாவைக் கத்தி முதுகால் மட்டம் தட்டிப் போட்டுக் கரைத்தேன். குழந்தை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுத் தூங்கினான். அவன் விழித்து அடுத்த துணியை நனைக்கும்வரை நாங்கள் யாரும் அந்த அறையை விட்டு நகரவில்லை. துணியை விரித்துப் பார்த்த உம்மா, “அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்ல” என்றபோதுதான் தங்கை அழத் தொடங்கினாள்.