கிழக்கே பார்த்து நிற்கும் சிப்பாய்

கேல்டனில் ரூஃபஸ் டார்ப்ளியின் குரலைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவன் நட்ட கல்லைப் பார்க்காதவர்கள் ஒருவரும் இல்லை. நாற்பத்தாறு வருடமாக எங்கள் ஊரில் கறுப்பர் செத்தாலும் வெள்ளையர் செத்தாலும் தலைமாட்டில் கல் வைத்தது அவன்தான். அவனிடம் இருந்தது ஒரு பழைய லாரி, அதன் முதுகில் ஒரு சின்ன கிரேன், கல்லைக் கட்டித் தூக்க நாலு கெட்டி நாடா, ஒரு கடப்பாரை. அப்புறம் ஐஸ்.

ஐஸ் எதற்கென்றால், கல்லை நாடாவில் கட்டித் தூக்கி அடிக்கல்லின் மேல் இறக்கினால், நாடா கல்லுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். உருவ முடியாது. அதனால் ரூஃபஸ் நாலு மூலையிலும் ஐஸ் கட்டி வைத்து, அதன் மேல் கல்லை இறக்குவான். நாடாவை உருவிவிட்டுக் காத்திருப்பான். ஐஸ் உருக உருகக் கல் தானாகக் கீழே போய் உட்காரும். அந்த நேரத்தில் ஒரு விரலால் தள்ளினால்கூடக் கல் நகர்ந்து கொடுக்கும். உருகி முடிந்துவிட்டால் பத்து பேர் வந்தாலும் அசையாது. இது அவன் அப்பா சொல்லிக்கொடுத்த வேலை. பால் வாங்கிய அட்டைப்பெட்டிகளில் தண்ணீர் ஊற்றி வீட்டு ஃப்ரீஸரில் வைப்பான். அவன் மனைவி கொரீன் அதற்காகத் திட்டாத நாள் கிடையாது.

"கோழி வைக்க இடமில்ல இந்த வீட்ல. செத்தவங்களுக்குத்தான் எல்லா இடமும்."

"செத்தவங்கதான் நமக்குச் சோறு போடறாங்க, கொரீன்."

"அப்ப அவங்களையே சமைச்சுப் போடச் சொல்லு."

நான் பக்கத்து வீடு. சமையலறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள். சர்ச்சில் கொரீனும் நானும் ஒரே பெஞ்சு.

கொரீனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஊர்ச் சதுக்கத்தில், கோர்ட்டு வாசலில் ஒரு கல் சிப்பாய் நின்றான். அடிமைகளைக் கையைவிட்டுப் போகாமல் வைத்துக்கொள்ளத் தெற்கு மாநிலத்துக்காரர்கள் வடக்கோடு சண்டை போட்டுத் தோற்றார்களே, அந்தப் படைக்காரன். உயரமான தூணின் மேல் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு, எதிரி வரும் திசை என்று வடக்கே பார்த்தபடி நூற்றுப் பத்து வருடமாக நின்றான். அடியில் என்னவோ செதுக்கியிருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது. கொரீன் வாசித்துச் சொன்னாள். "எங்கள் வீரர்களுக்கு" என்று இருந்ததாம். "யாரோட வீரர்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அவளே காறித் துப்பினாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் தாய்மாமனைக் குதிரைச் சேணம் திருடினான் என்று அந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். கறுப்பர் உள்ளே உட்கார இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கொரீனின் அம்மா நாள் முழுக்க வெளியே நின்று, கால் வீங்கி, சிப்பாயின் அடிப்படியில் உட்கார்ந்தாள். ஷெரிஃபின் ஆள் ஒருவன் வந்து, "எந்திரி. இது உக்கார்ற இடமில்ல, மரியாதை செய்யற இடம்" என்றான். அவள் எழுந்தாள். தாய்மாமன் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து கொரீன் அந்தப் பக்கத்து நடைபாதையில் கால் வைத்ததில்லை. தபால் ஆபீசுக்குப் போக முழுச் சதுக்கத்தையும் சுற்றிக்கொண்டு போவாள், மழையானாலும்.

ஒரு சமயம் புயலில் மரம் விழுந்து சிப்பாயின் துப்பாக்கி முனை உடைந்தது. மாவட்ட அலுவலகம் ரூஃபஸைக் கூப்பிட்டது. அவன் ஏணி வைத்து ஏறி ஒட்டிக் கொடுத்தான். கொரீன் பதினோரு நாள் அவனோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசினாள்.

"என் சவத்துக்கு நீ கல்லு வெக்கப் போறதில்ல, ரூஃபஸ். அவன் அங்க நிக்கற வரைக்கும் இல்ல. இந்த ஊர்ல ஒண்ணு அவன் நிக்கட்டும், இல்ல என் பேரு நிக்கட்டும்."

"கல்லு கல்லுதான், கொரீன். அதுக்கு என்ன தெரியும்?"

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நான் நினைத்தேன். அப்புறம் வருடா வருடம் அவள் மாவட்ட சபைக் கூட்டத்துக்குப் போய், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று தருவார்களே, அதில் எழுந்து நின்று சிப்பாயை எடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவாள். ரூஃபஸ் லாரியிலேயே உட்கார்ந்திருப்பான். உள்ளே போகமாட்டான். வெள்ளைக்காரர் மயானத்து வேலையும் அவனுக்கு வேண்டுமே.

உலகம் முழுக்க நோய் வந்த வருடம், ஏப்ரல் மாதம், கொரீன் போனாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் முகத்தைப் பார்க்க அவனை விடவில்லை. அடக்கத்துக்குப் பத்து பேர்தான் வரலாம் என்றார்கள். பாட்டு கூடாது என்றார்கள். நான் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். சவப்பெட்டியை வைத்து மூடும் சிமெண்டுப் பெட்டியைக் குழிக்குள் இறக்க உதவிக்கு ஆள் வரவில்லை. தன் மனைவியைத் தன் கிரேனால் தானே இறக்கினான். இறக்கிவிட்டு நாடாவைச் சுற்றி வைத்தான், மற்ற நாட்களில் சுற்றி வைப்பதுபோலவே.

அதற்கப்புறம் ரூஃபஸுக்கு என்ன ஆயிற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. அழவில்லை. குடிக்கவில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போனான். அந்த வருடம் கல் நடுகிறவனுக்கு வேலைக்குக் குறைவா? ஒரு நாள் நான் அவித்த பயறும் சோள ரொட்டியும் கொண்டுபோனேன். உப்புப் போட மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து என் தட்டைத் தொட்டபோதுதான் தெரிந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"உப்பில்லாமயா சாப்பிட்ட, தம்பி?"

"உப்பு இல்லையா அக்கா?" என்றான். தட்டு காலியாக இருந்தது.

கொரீனுக்கு வெட்டி வைத்த கல் அவன் கொட்டகையில் தார்ப்பாயின் கீழே கிடந்தது. அவள் குழி மட்டும் வெறும் மண், தலைமாட்டில் பெயர் எழுதிய ஒரு தகரத் துண்டு. ஊருக்கெல்லாம் கல் வைத்தவன் பெண்டாட்டிக்கு வைக்கவில்லை என்று சர்ச்சில் பேசினார்கள். நான் அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், அவள் அப்படித்தான் கேட்டாள் என்று. நம்பவில்லை.

கோடையில் சட்டம் மாறியது. சிலையை எடுப்பதா வேண்டாமா என்று ஊரே தீர்மானிக்கலாம் என்றார்கள். மாவட்ட சபை கூடியது. நள்ளிரவு வரை பேசுவார்கள் போல இருந்தது. ஒருவன் தன் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்லி அழுதான். கல்லூரிப் பெண் ஒருத்தி உடைத்து ரோட்டுக்கு ஜல்லியாகப் போடுங்கள் என்றாள். எங்கள் போதகர் கொரீன் பெயரைச் சொன்னார். சபையில் நாலு பேர் எடுக்கலாம் என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். உடைக்க வேண்டாம், அந்தப் படைக்காரர்கள் புதைந்திருக்கும் வெள்ளையர் மயானத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று முடிந்தது.

ஆனால் தூக்க யாரும் வரவில்லை. பெரிய கிரேன் கம்பெனிகளுக்கு மிரட்டல் போனது. கடைசியில் மாவட்ட அலுவலகத்துக் கில்கிறிஸ்ட் ரூஃபஸின் வாசலுக்கு வந்து நின்றார். நான் என் வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அது எப்பிடி மாட்டியிருக்குன்னு ஒங்களுக்குத்தான் தெரியும், மிஸ்டர் டார்ப்ளி. நீங்கதான் ஏறிப் பாத்திருக்கீங்க."

ரூஃபஸ் லாரியின் கிரேனைப் பார்த்தான். "அடியில ஒரு இரும்பு முளை இருக்கும்" என்றான். "அறுக்கணும்." அதுதான் அவன் சொன்ன சம்மதம்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்தார்கள். நான் முடிவெட்டும் கடை வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று கைக்குட்டை கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கம் அந்தப் பழைய படையின் கொடி வைத்திருந்தவர்கள், இன்னொரு பக்கம் பாட்டுப் பாடியவர்கள், நடுவே போலீஸ்.

"ரூஃபஸ்! உங்கப்பன் இருந்தா வெக்கப்பட்டிருப்பான்!" என்று கொடிக்காரன் ஒருவன் கத்தினான்.

ரூஃபஸ் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தான். "எங்கப்பன் இருந்தா நாடாவ இன்னும் இழுத்துக் கட்டச் சொல்லியிருப்பான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், அறுந்தா உங்க தலையிலதான் விழும்."

இரு பக்கத்திலும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

சிப்பாய் தூணைவிட்டு எழும்பியபோது பெருங்கூச்சல் வந்தது. கல்லூரிப் பெண்கள் ஆடினார்கள். ரூஃபஸ் அவனை லாரியில் மல்லாக்கப் படுக்க வைத்தான், அடியில் கம்பளி விரித்து. ஒரு பெண்ணுக்குக் கோபம்.

"அவனுக்குக் கம்பளி வேறயா, ஐயா?"

"மூக்கு ஒடஞ்சா என் வேலைக்குத்தாம்மா கெட்ட பேரு."

நான் மடித்த கைக்குட்டையை மடித்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று மத்தியானமே மயானத்தில் அடிக்கல்லின் மேல் ஐஸ் வைத்து, சிப்பாயை இறக்கி, நாடாவை உருவி, விரலால் தள்ளிச் சரிசெய்து, உருகும் வரை லாரியில் உட்கார்ந்திருந்தான். உருகிய பிறகு மட்டம் பார்த்தான். வீட்டுக்கு வந்தான்.

மறுநாள் காலை மிஸ் ஹாரியட் வென்டபிள் அவனை மயானத்துக்குக் கூப்பிட்டனுப்பினாள். அந்த மயானம் அவள் தலைமையில் நடக்கும் சங்கத்துடையது. கல்யாணமானவளானாலும் மரியாதைக்கு எங்கள் பக்கத்தில் மிஸ் என்றுதான் சொல்வோம்; அவள் மகனுக்குக் கல் வைத்தவனும் ரூஃபஸ்தான். நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். அவனைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"ரூஃபஸ், நீ என்ன பண்ணியிருக்க?" என்றாள். "அவன் கிழக்க பாத்து நிக்கறான்."

ரூஃபஸ் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. அவன் முகத்தைப் பார்த்த நான் சொல்கிறேன்.

செத்தவர்களை நாங்கள் தலை மேற்கேயும் கால் கிழக்கேயுமாகப் புதைப்போம், கடைசி நாளில் எழும்போது சூரியனைப் பார்த்து எழட்டும் என்று. வெள்ளையரும் அப்படித்தான். நாற்பத்தாறு வருடம் எல்லாரையும் கிழக்கே பார்க்க வைத்த கை, மயானத்துக்குள் வந்ததும் சிப்பாயையும் செத்தவர்களோடு செத்தவனாக நிறுத்திவிட்டது. சதுக்கத்தில் அவன் எந்தப் பக்கம் பார்த்தான் என்பது அந்தக் கைக்கு நினைவில்லை. வேண்டுமென்றே செய்தான் என்று இன்றும் ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் அந்த இடத்தில் இல்லை. நான் இருந்தேன்.

"அவன் வடக்கதான் பாக்கணும்" என்றாள் மிஸ் ஹாரியட். "எங்க பாட்டிங்க காலத்துலேர்ந்து அப்பிடித்தான். ஒனக்கே தெரியும்."

"தெரியும், மிஸ் ஹாரியட். கை தப்பிடுச்சு."

"பரவால்ல. எடுத்துத் திருப்பி வெச்சுடு."

ரூஃபஸ் லாரியை நோக்கி நடந்தான், தவறு செய்தால் திருத்துகிறவன். நாடாவைக் கையில் எடுத்தான். எடுத்தவன் எந்த இடத்தில் நின்று கட்டுவது என்று பார்க்க வடக்கே திரும்பினான். அங்கே கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் மயானம். மூன்றாவது வரிசையில் வெறும் மண்ணும் தகரத் துண்டும்.

நாடாவைத் திரும்பச் சுற்றினான்.

"முடியாது, மிஸ் ஹாரியட்."

"என்ன முடியாது?"

"திருப்ப முடியாது. அங்க என் பெண்டாட்டி இருக்கா."

மிஸ் ஹாரியட் வேலியைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் புரிந்தது என்று சொல்ல அவளால் ஆகவில்லை.

"அது வெறும் கல்லு, ரூஃபஸ். நீயே சொல்லுவியே."

"சொல்லியிருக்கேன்."

"வேற ஆள வெச்சுத் திருப்பிக்குவேன். அப்புறம் இந்த மயானத்துல ஒனக்கு வேலை இருக்காது. எனக்கும் ஒனக்கும் எத்தன வருஷம்? யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன், மிஸ் ஹாரியட். உங்க பையன் கல்லு இடது பக்கம் லேசா இறங்கியிருக்கு. வர்றவன்கிட்ட சொல்லி மட்டம் பாத்துக்கங்க."

அவ்வளவுதான் பேச்சு. நாற்பத்தாறு வருடத்து வேலை ஐந்து நிமிடத்தில் போயிற்று. எந்தப் பக்கத்து வம்பும் வேண்டாம் என்று வேறு ஆள் யாரும் அந்தச் சிலையைத் தொட இன்னும் வரவில்லை. சிப்பாய் கிழக்கேதான் பார்க்கிறான். நாளை யாராவது வரலாம். எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை ரூஃபஸ் கொரீனின் கல்லை எடுத்துக்கொண்டு போனான். போதகரை அழைக்கவில்லை. என்னை மட்டும் ஏற்றிக்கொண்டான். நாலு மூலையிலும் பால் அட்டைப்பெட்டி ஐஸ் வைத்து, கல்லை இறக்கி, நாடாவை உருவினான். குளிர் காலம். ஐஸ் உருகுவதாக இல்லை. ஃப்ளாஸ்கில் சூடான காப்பி இருந்தது.

"இதக் கொஞ்சம் ஊத்தினா சீக்கிரம் எறங்காது, தம்பி?"

"அவளுக்குக் காப்பி பிடிக்காது, அக்கா."

இருவரும் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் சிப்பாயின் விலா தெரிந்தது, முகம் எங்கள் பக்கம் இல்லை.

"இன்னிக்காவது ஏதாவது வரும்னு நெனச்சேன்" என்றான் ரூஃபஸ். "ஒண்ணும் வரல, அக்கா. வேற யாரோட கல்லோ மாதிரி இருக்கு."

"வரணும்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்களே."

"எல்லாரும் உப்பு இருக்குன்னு சொல்வாங்க. சாப்பிடறவன் நீ."

அவன் என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை, ஆனால் பார்த்தான். ஏப்ரலுக்குப் பிறகு யாரையும் அவன் அப்படி நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது கல் கடைசி அரை விரற்கடை இறங்கி, 'டக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. ரூஃபஸ் எழுந்து போய் ரசமட்டத்தை மேலே வைத்தான். குமிழி நடுவில் நின்றது. நான் போய்க் கல்லில் செதுக்கியிருந்த பள்ளங்களில் விரலை ஓட்டினேன். ஈரமாக இருந்தது.

"என்னன்னு இருக்கு?" என்று கேட்டேன்.

"கொரீன் டார்ப்ளி" என்று வாசித்தான். அதற்குக் கீழே செதுக்கியிருந்ததை அவன் வாசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தகரத் துண்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாடாவைச் சுற்ற ஆரம்பித்தான்.