பம்பிங் அறுபத்திரண்டு

அப்துல் ஜப்பாருக்கு மாரடைப்பு வந்த கதையைப் பேகம்பூரில் இன்றைக்கும் ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படி இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேர்த்துக் கொட்டியது, இடது கை மரத்துப்போனது, எல்லாம் முறைப்படி நடந்தது. பார்த்தவர் எவருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய், அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் காலமெல்லாம் மேஸ்திரியாக இருந்த மனுஷர். பார்க்க வந்த கூட்டத்துக்கு டீ போட்டே அவர் மனைவி சர்புன்னிசாவுக்குக் கை சலித்துப்போனது.

எக்கோ எடுத்த டாக்டர், "பம்பிங் முப்பத்தெட்டுதான் இருக்கு, பாத்து நடந்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த எண் ஜப்பாரின் பேரோடு ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் அவர் வயதுக்காரர்கள் கூடினால் "ஒனக்கு எம்புட்டுப்பா?" என்பதுதான் முதல் பேச்சு. நாற்பத்தைந்து என்றால் தேவலை, ஐம்பதைத் தாண்டினால் பாஸ். பிள்ளைகளிடம் மார்க் கேட்டே பழகிய ஊருக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபட்டுவிட்டது.

வீட்டில் புதுச் சட்டம் வந்தது. ஜப்பார் மாடி ஏறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, கேஸ் சிலிண்டரை நகர்த்தக்கூடாது. சரி, அப்படியானால் யார் ஏறுவது, யார் தூக்குவது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, சர்புன்னிசாதான் இருக்கிறாளே. அவளுக்கு அறுபது வயது முடிந்திருந்தது. ஏற்கெனவே அவள் உப்புக்கண்டம் போட்டு விற்பவள். கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி, நூலில் கோத்து மொட்டை மாடியில் காயப்போடும் வேலை. வீட்டிலிருந்து மாடிக்கும் மாடியிலிருந்து வீட்டுக்குமாக அவள் காலம் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு வந்த நோய்க்கு அவள் புருஷனுடைய நோயைப்போல ஆர்ப்பாட்டம் தெரியாது. நெஞ்சு வலிக்கவே இல்லை. பாதிப் படியில் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பிறகு தாடை கடுத்தது. காலையில் எழும்போதே நாளெல்லாம் உழைத்த அசதி இருந்தது. சாயங்காலமானால் பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது. மல்லாந்து படுத்தால் யாரோ வாயைப் பொத்தினதுபோல இருக்கும். ஒரு தலையணை இரண்டாகி, மூன்றாகி, கடைசியில் சுவரில் சாய்ந்தபடியே கண்ணயரப் பழகிக்கொண்டாள்.

"வாயுதான் புள்ள. பூண்டு தட்டிப் போட்டுக் குடி" என்றார் ஜப்பார். பக்கத்து வீட்டு பக்ருன்னிசா, "தூரம் நின்னுபோனா நம்ம ஒடம்பு இப்புடித்தான் படுத்தும்" என்றாள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளைக்கு இந்த ஊர் வைத்திருப்பது மொத்தம் ஒரே நோய், அதற்குப் பெயர் வாயு. சர்புன்னிசாவும் நம்பிச் சீரகத் தண்ணீராகக் குடித்துத் தள்ளினாள்.

ஒருநாள் படியில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் போனதும் மகன் இஷாக் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். அங்கேயும் எக்கோ எடுத்தார்கள். அந்த டாக்டர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பம்பிங் அறுபத்திரண்டு. சூப்பரா இருக்கு. வயசாகுதுல்ல, கொஞ்சம் அலுப்பு இருக்கும்" என்றார்.

வீடே குளிர்ந்துபோனது. "அறுபத்திரண்டா! என்னைய மாதிரி இன்னொருத்தனுக்கும் பங்கு வைக்கலாமே!" என்று ஜப்பார் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவள் எங்கே உட்கார்ந்தாலும், "அறுபத்திரண்ட வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கா பாரு" என்பார். கேலிதான், விஷமில்லாத கேலி. சர்புன்னிசாவும் கூடச் சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை.

தன்னுடைய பிரஷர் மாத்திரை வாங்கப் போன ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர்தான் முதன்முதலாகக் குனிந்து அவள் காலைப் பார்த்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி எழும்பவே இல்லை.

"எத்தன தலகாணி வச்சுப் படுக்குறீங்கம்மா?"

இதை இதுவரை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை. சர்புன்னிசா சுவரில் சாய்ந்து தூங்குவதுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

டாக்டர் மறுபடி எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினாள். இதயத்துக்கு இரண்டு வேலை. விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டும், சுருங்கி வெளியே தள்ள வேண்டும். அடைப்பு வந்த ஆம்பளை இதயம் அனேகமாகத் தளர்ந்து, பெருத்து, தள்ள முடியாமல் போகும். பொம்பளை இதயம் சின்னது. மாதவிடாய் நின்று, வயதும் பிரஷரும் சேர்ந்தால், பல பேருக்கு அது தடித்து இறுகிப்போகும். தள்ளுகிற வேலையில் குறையிருக்காது, விரிந்து வாங்கத்தான் அதனால் முடியாது. வாங்காத ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் கோக்கும். "பம்பிங் எண் தள்ளுறதை மட்டுந்தாம்மா சொல்லும். இது வாயு இல்ல, ஹார்ட் ஃபெயிலியர்தான். உப்பைத் தொடாதீங்க, நீர் மாத்திரையை விடாதீங்க, மாடி ஏறாதீங்க."

சர்புன்னிசா பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். பயத்தில் அழவில்லை, சந்தோஷத்தில் அழுதாள். நோய் என்று ஒருத்தர் சொல்லிவிட்டார்களே, இனி வீட்டில் நம்புவார்கள் என்ற சந்தோஷம். மனுஷிக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள்.

புருஷனுக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னால் புரியும் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தாள். "என்னங்க, எனக்கு நெஞ்சு காஞ்ச தோலாட்டம் வெறச்சுப்போச்சாம். விரிய மாட்டேங்குதாம்."

"தோலைப் பத்தி எங்கிட்டயே பாடம் எடுக்குறியா?" என்று ஜப்பார் ரிப்போர்ட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடித்தார். "இதுலயும் அறுபத்திரண்டுதான போட்டிருக்கு? ஆஸ்பத்திரிக்காரவுக பயமுறுத்தத்தான் செய்வாக. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பானிக் கறி வீடு வீடாக வந்து சேர்ந்தது, உப்புக்கண்டத்துக்குச் சொல்லி வைத்தவர்களும் வந்தார்கள். சர்புன்னிசா வாழ்க்கையில் முதல்தடவையாக ஒன்றை வேண்டாம் என்றாள்.

"இந்த வருசம் உப்புக்கண்டம் வேணாங்க. என்னால மாடி ஏற ஏலல."

"நான் ஏற முடிஞ்சா ஒன்னைய ஏறச் சொல்லுவனா புள்ள?" என்றார் ஜப்பார். உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொன்னார். இஷாக்குக்குக் கடை. மருமகள் ஜீனத் கையில் பால்குடிப் பிள்ளை. யாரும் அவளை ஏறு என்று சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. சர்புன்னிசா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஏறினாள். உப்பு சரியா என்று வழக்கம்போல நாக்கில் வைத்தும் பார்த்தாள்.

நாலாம் நாள் கொடியில் கறியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றே போனதுபோல ஆனது. கைப்பிடிச் சுவரில் சரிந்து உட்கார்ந்தாள். இருமலில் நுரை வந்தது. கூப்பிடக் குரல் எழவில்லை. துணி எடுக்க வந்த ஜீனத் பார்த்து, "மாமி!" என்று போட்ட கூச்சலில் தெருவே ஏறி வந்தது.

ஆஸ்பத்திரியில் செபாஸ்தியம்மாள் என்ற நர்ஸ் கட்டிலின் தலைமாட்டைக் கைப்பிடி சுற்றி நன்றாக உயர்த்தி, ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டி, நீர் பிரியும் ஊசி போட்டாள். மறுநாள் சர்புன்னிசாவுக்கு உயிர் திரும்பி வந்தது. "மாமியார சாஞ்சாப்புலயே வச்சிரு. படுக்க விட்டுறாத" என்று செபாஸ்தியம்மாள் ஜீனத்திடம் கண்டிப்பாகச் சொன்னாள். மத்தியானம் ஜப்பார் வந்ததும் ஜீனத், பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமே என்ற அவசரத்தில், நர்ஸ் சொன்னதை அவரிடம் சொல்லாமலே வீட்டுக்கு ஓடினாள்.

ஜப்பார் முதலில் டியூட்டி டாக்டரிடம்தான் போனார். "பம்பிங் எம்புட்டு சார் இருக்கு?"

"அது நார்மல்தான், அறுபத்திரண்டு. ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் வந்தார். அவள் தலை ஒரு பக்கம் தொங்க, உட்கார்ந்தபடியே கண்மூடியிருந்தாள். அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. இந்த மனுஷி நீட்டிப் படுத்து எத்தனை மாதம் ஆயிற்று! பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்தவர் கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலை இறக்கியதைப் பார்த்திருந்தார். குனிந்து, தனக்கு விதித்த சட்டத்தையும் மீறி, கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சுற்றினார். கட்டில் தட்டையானது.

சர்புன்னிசா கண் திறந்தாள். நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. வேணாங்க, வேணாங்க என்றாள். மாஸ்க்குக்குள் அது வெறும் முனகலாகப் போனது. எட்டி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நான் எங்கயும் போகல புள்ள. செத்த நேரம் நல்லா நீட்டித் தூங்கு" என்று ஜப்பாரும் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். துஆ ஓதினார். அவள் கை தளர்ந்தபோது, தூங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்.

மருந்துத் தட்டோடு வந்த செபாஸ்தியம்மாள் தட்டையாகக் கிடந்த கட்டிலைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். கைப்பிடியைச் சுற்றினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், என்னென்னவோ செய்து பார்த்தார்கள். சர்புன்னிசா திரும்பவில்லை.

"அறுபத்திரண்டு இருந்துச்சேம்மா" என்றார் ஜப்பார். "இப்பத்தான டாக்டர் சொன்னாரு?"

"அது தள்ளுற கணக்குங்கய்யா" என்றாள் செபாஸ்தியம்மாள். "அவங்களுக்கு விரியாததுதான் கோளாறே. வெறச்சுப்போச்சுல்ல."

வெயிலில் விறைத்துப்போன தோலை எத்தனை இழுத்தாலும் விரியாது என்பது ஜப்பாருக்குத் தெரியாததா! கட்டில் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்.

"தோலுன்னு சொன்னாம்மா" என்றார். "எங்கிட்டயே சொன்னா."