ஆடு மேய்ந்த வரிசை

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்கு வடக்கே, குத்தகைக்கு எடுத்த மணல் நிலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் புதிய ரகங்களை நட்டிருந்தோம். ஆராய்ச்சிப் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இடம் குறைவு, ரகங்கள் அதிகம். அதனால் நிலத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ரகத்துக்கு ஒரு வரிசைதான் விட்டிருந்தோம்.

அகல இலை கொண்ட ஒரு ரகம் முரட்டுத்தனமாகப் படர்ந்தது. பக்கத்து வரிசையில் சின்ன இலை ரகம். அதன்மேல் ஏறிய கொடிகளைத் தூக்கித் திருப்பிவிடுவேன். அடுத்த வாரம் மறுபடி ஏறியிருக்கும். அகல இலைதான் தேறும் என்று எங்கள் அதிகாரி அப்போதே சொல்லிவிட்டார்.

ஒருநாள் காலையில் குப்பத்து ஆடுகள் வேலியைப் பிரித்து நுழைந்துவிட்டன. நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள், ஓரப் பகுதியில் இருந்த அகல இலை வரிசை வேரோடு போயிருந்தது. ஆட்டுக்காரப் பெண் மூச்சிரைக்க வந்தார். "கட்டித்தான் வெச்சிருந்தேன் மேடம். கயித்த அறுத்துகினு வந்துட்ச்சிங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் அவரும் அவர் கணவரும் பழைய வலையைக் கொண்டுவந்து வேலி முழுக்கக் கட்டினார்கள். அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அதிகாரி சொன்னார்.

அறுவடையில் சின்ன இலை ரகம் மற்ற மூன்று பகுதிகளிலும் விரல் பருமனுக்கு மேல் தரவில்லை. ஆடு மேய்ந்த இடத்தில் மட்டும் செடிக்குச் செடி கொழுத்த கிழங்குகள். ரகம் மாறிவிட்டதோ என்று இலையைப் பார்த்தேன், அதேதான். அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குந்தி, பக்கத்தில் அகல இலை வரிசை இருந்த வெற்று மண்ணைக் கையால் அளந்து பார்த்தார்.

"ஒரு வரிசைய வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. அடுத்த பட்டத்துல ஒவ்வொண்ணையும் அகலமா நட்டுப் பாப்போம்" என்றார்.

அப்படியே ரகத்துக்கு நான்கைந்து வரிசை நட்டு, நடுவில் உள்ளவற்றை மட்டும் எடை போட்டோம். சுற்றிலும் தன் இனமே நின்றபோது அகல இலையின் விளைச்சல் இறங்கிவிட்டது. முந்தைய வருடம் அது விளைந்ததெல்லாம் பக்கத்துச் செடியின் இடத்தையும் வெயிலையும் பிடுங்கித்தான். சின்ன இலை விளைச்சலில் முன்னுக்கு வந்து, அடுத்த கட்டச் சோதனைக்கும் போனது.

முந்தைய வருடங்களில் இதேபோல் ஒற்றை வரிசையில் நட்டுப் பார்த்து, விளையவில்லை என்று பண்ணையில் கழித்துவிட்ட ரகங்களைத் தேடச் சொன்னார் அதிகாரி. சிலவற்றின் கொடிகள் பண்ணைத் தொட்டிகளில் இருந்தன, திரும்ப நட்டோம். மற்றவற்றின் கொடி எங்கேயும் கிடைக்கவில்லை.