யுரேனியம் தேடி வந்த மிஸ்

“நானா, யுரேனியம் எப்பிடித் தேயுதெண்டு காட்டுற சொப்ட்வெயார் ஒண்டு எடுத்துத் தருவியளோ?”

உக்குவளையில கொம்பியூட்டர் ரிப்பேர், போட்டோகொப்பின்னு ஒரு சின்னக் கடை வச்சிருக்கேன். இத்தனை வருஷத்துல இப்படி யாரும் கேட்டதில்ல. முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுற மாதிரி ‘நானா’ன்னு கூப்பிட்டாலும் முகம் புதுசு, பேச்சு யாழ்ப்பாணம். தாடி வச்ச முஸ்லிம் ஒருத்தனோட கடையில யுரேனியம் தேடினாங்கன்னு நாளைக்கு யாராவது வந்து நின்னா, நான் என்னத்தச் சொல்றது? கடையைச் சாத்திட்டா வீட்டுல அடுப்பு எரியாது.

“எதுக்கு மிஸ் அது?”

“ஏ.எல். பிள்ளையளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறன். இப்பதான் மாற்றலாகி வந்தனான்.”

எவனும் அப்படித்தானே சொல்லுவான். “ஐடென்டிட்டியத் தாங்க, ஒரு கொப்பி எடுத்து வச்சுக்கிறேன்”னேன். எங்க தொழில்ல சந்தேகம் வந்தா முதல் வேலை அதுதான்.

அவங்க ஹேண்ட்பேக்கை இறுக்கிப் பிடிச்சாங்க. “ஆரிட்டக் குடுக்கப் போறியள்? சண்டைக் காலத்தில எங்கட பக்கம் கொப்பி குடுத்துப் பட்ட பாடே காணும்.”

எனக்கு அவங்க மேல சந்தேகம், அவங்களுக்கு என் மேல. நல்ல பொருத்தம். கடைசியில, “நீங்களே தேடுங்க, நான் கீபோர்டைத் தொடமாட்டேன்”னு சொல்லிட்டுப் பக்கத்துலேயே காவல் நின்னேன்.

முதல்ல கிடைச்சதுல வைரஸ். அடுத்தது போன் நம்பர் கேட்டுச்சு. பாடம் காட்டுறதுக்குப் போன் நம்பர் எதுக்கு? அதையும் அழிக்கச் சொன்னேன். மூணாவது, சின்ன சொப்ட்வெயார், ஒண்ணுமே கேட்கல்ல. சும்மா குடுக்கிறவனைத்தான் நான் இன்னும் கூடச் சந்தேகப்படுவேன். இன்டர்நெட் வயரைக் கழட்டிட்டுத்தான் திறக்க விட்டேன்.

யுரேனியம், தோரியம், ரேடியம்னு கட்டம் கட்டமா இறங்கிச்சு. ஒவ்வொண்ணுக்கும் கீழ அரைவாழ்வுக் காலம். கடைசியில ஈயம், அதுக்கு மேல தேயாதாம். மிஸ் ஸ்கிரீன்ல விரல் வச்சு, ஒவ்வொரு படியிலயும் 238, 234ன்னு போட்டிருந்த திணிவெண்ணைக் கழிச்சுப் பார்த்தாங்க. டீச்சர்தான் போலன்னு நான் அரைமனசா நினைக்கிற நேரம் ஒரு பொலிஸ்காரர் உள்ளே வந்தார்.

ஸ்கிரீன்ல மஞ்சள் நிறத்துல கதிர்வீச்சு அடையாளம் பெரிசா நிக்குது. போட்டோகொப்பிக்குப் பேப்பரை நீட்டிக்கிட்டே, “இது என்ன?”ன்னு சிங்களத்துல கேட்டார். மிஸ்ஸுக்குச் சிங்களம் வராது. என்னைப் பார்த்தாங்க. ‘எனக்குத் தெரியாது, இவங்கதான் தேடினாங்க’ன்னா நான் தப்பிச்சேன். அது நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு.

“ஸ்கூல் பாடம் ரால்ஹாமி. இவங்க எங்க ஊரு ஸ்கூல் மிஸ்”னு, பொலிஸ்காரரைக் கூப்பிடுற மரியாதையோட சிங்களத்துலயே சொன்னேன்.

“என் மகளுக்கும் இதெல்லாம் மண்டையில ஏறுதில்ல”ன்னு சிரிச்சார். கொப்பியை வாங்கிட்டுப் போயிட்டார்.

எனக்குச் சட்டை நனைஞ்சு போச்சு. “பொலிசைக் கண்டு பயந்துட்டீங்களா மிஸ்?”

“அவருக்கு இல்லை நானா. நீங்கள் என்ன சொல்லப் போறியளோ எண்டுதான் பயந்தனான்.”

எனக்கு வெக்கமாப் போச்சு. என்னைக் கண்டா எல்லாரும் ஒரு மாதிரிப் பார்க்கிறாங்கன்னு வாழ்நாள் முழுக்கக் குறைப்பட்ட ஆள் நான். இந்தத் தொழிலுக்கு வர்ற தம்பிமாருக்கு ஒண்ணு சொல்றேன். சொப்ட்வெயாரை நல்லாச் சந்தேகப்படுங்க. கடைக்கு வர்ற மனுஷன் உங்களைப் பார்த்துப் பயப்படுற மாதிரி மட்டும் நடந்துக்காதீங்க.