அன்புள்ள உறுப்பினரே

டிரம் அக்கா என்றால் எங்கள் பகுதியில் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மெஷினுக்குள் சுற்றும் டிரம்மை வைத்து வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவருடைய குரலை வைத்து வந்த பெயர் அது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களுக்கு மேலே பேசிப் பேசி, காதோடு ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும் தொண்டை ஆகிவிட்டது.

ஒரு சர்வீஸ் கடையில் வெகுகாலம் வேலை பார்த்தார். முதலாளி, நன்றாக இருக்கும் மோட்டாரையும் போய்விட்டது என்று சொல்லச் சொன்னார். அக்கா அதை வாடிக்கையாளர் முன்னாலேயே, தன் வழக்கமான குரலில், "நல்லா இருக்கிற மோட்டாரை எப்படி சார் போச்சுன்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டார். அன்றோடு அந்த வேலை முடிந்தது.

சொந்தமாகத் தொழில் தொடங்க ஒரு பழைய வேன் வாங்கினார். அதோடு ஒரு புது போன் எண்ணும் வாங்கினார். எண்ணைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் ஆனது. ஒரு தடவை கேட்டால் மனதில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரனைப் பாடாய்ப் படுத்தி, இரண்டே இலக்கங்கள் மாறி மாறி வருகிற ஒன்றைப் பிடித்தார். பெயர்ப்பலகை எழுதும் அத்தான், அதாவது அக்காவுடைய அக்கா புருஷன், அந்த எண்ணை வேனில் எழுதிக் கொடுத்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண் மட்டுமே நிறைந்துவிட, 'வாஷிங் மெஷின்' என்பதற்கு இடமில்லாமல் அதை டயருக்கு மேலே எறும்பு சைஸில் எழுதினார். சரி செய்கிற மெஷின் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் அந்த எண் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டது.

தொழில் சூடு பிடிக்கிற நேரத்தில்தான் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. "அன்புள்ள உறுப்பினரே, உங்களுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்." அனுப்பியது ஒரு கடன் கூட்டுறவுச் சங்கம். அக்கா எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. அன்று அவருக்குப் பிறந்தநாளும் இல்லை.

"வாழ்த்துதானே, வந்தா வந்துட்டுப் போகட்டும்," என்றார் அவர் கணவர். பேக்கரியில் மாவு பிசைகிறவர். எதற்கும் பதறாதவர். அக்காவை உலகத்திலேயே அதிகம் எரிச்சல்படுத்துவது அந்த நிதானம்தான்.

வாழ்த்தோடு நிற்கவில்லை. பொதுக்கூட்ட அறிவிப்பு வந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்ட அறிவிப்பு வந்தது. ஒத்திவைத்தது ரத்து என்று வந்தது. இடையிடையே ஓடிபி எண்கள், "யாரிடமும் பகிராதீர்கள்" என்ற மிரட்டலோடு. இது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு ஆள் கூப்பிட்டு, "காய் அடுக்கியாச்சு, வர்றியா இல்லியா?" என்று கேட்டான். காய்கறிக்காரன் என்று நினைத்து, "எங்க வீட்ல காய் இருக்கு, வேணாம்," என்று வைத்துவிடுவார். அவன் விடுவதாய் இல்லை. ஒருநாள் தன் முழுக் குரலில் நாலு வார்த்தை கேட்டார். அதோடு அழைப்பு நின்றது.

காய்க்காரனை அடக்க முடிந்தது, சங்கத்தை முடியவில்லை. கடைசியில் ஒருநாள் வேனை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனார்.

கவுன்டரில் ஒரு சின்னப் பெண். மேசையில் தண்ணீர் பாட்டில், கம்ப்யூட்டர், அதன் திரையில் ஓரம் முழுக்க ஒட்டிய மஞ்சள் சீட்டுகள். அக்கா விஷயத்தைச் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது.

"உங்க மெம்பர் நம்பர் சொல்லுங்க மேடம்."

"நான் மெம்பரே இல்லைன்னுதானேம்மா சொல்றேன்."

"மெம்பர் கேட்டாத்தான் நம்பரை மாத்த முடியும். சிஸ்டம் விடாது."

"அப்போ அந்த மெம்பர் யாருன்னு சொல்லு, நான் பேசிக்கிறேன்."

"அதைச் சொல்லக் கூடாது மேடம்."

"சரி, நீயே அவருக்குப் போன் போட்டுச் சொல்லேன்."

அந்தப் பெண்ணுக்கு அது நியாயமாகப் பட்டது. எண்ணைத் தட்டினாள். அக்காவின் சட்டைப் பையில் மணி அடித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பிஸியா இருக்காரு போல," என்று வரிசையில் யாரோ சொல்ல, அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஆள் வாயை மூடிக்கொண்டார்.

கடிதம் போடலாமா என்றால், போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டதாம். ஆள் வீடு மாறிவிட்டார். பாவம், அந்தப் பெண் உதவத்தான் நினைத்தாள். குறிப்பு எழுதும் கட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்து, "இந்த எண் வேறொருவருடையது" என்று தட்டச்சு செய்து, கூடவே எண்ணையும் போட்டு வைத்தாள். மென்பொருளுக்குக் குறிப்பு புரியவில்லை, எண் மட்டும் புரிந்தது. அதை இரண்டாவது தொடர்பு எண்ணாக எடுத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு செய்தியும் இரண்டு தடவை வந்தது.

"பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சுது!" என்று அக்கா வீட்டில் கத்தினார்.

"ரெண்டு குரங்கு," என்றார் கணவர்.

மறுபடியும் போனார். இந்த முறை சங்கத்தின் செயலாளர் வெளியே வந்தார். கையில் சாவிக்கொத்து, முகத்தில் எல்லாவற்றுக்கும் வழி தெரிந்தவரின் புன்னகை.

"ரொம்பச் சுலபம்மா. நீங்க உறுப்பினராச் சேர்ந்துடுங்க. உறுப்பினரா இருந்தா உங்க நம்பரைப் பத்தி நீங்களே மனு கொடுக்கலாம்."

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான் வழி என்றால் தொட்டுத்தானே ஆக வேண்டும்? அக்கா படம் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார், விலாசத்துக்கு அத்தாட்சி கொடுத்தார். சின்னப் பெண் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கடைசிக் கட்டத்தில் அந்த எண்ணை அடித்தாள். திரை சிவந்தது.

"என்னம்மா?"

"வந்து... இந்த நம்பர் ஏற்கெனவே வேற ஒரு மெம்பர் பேர்ல இருக்காம். உங்களைச் சேர்க்க முடியாதுன்னு சொல்லுது."

அக்கா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அந்தக் கட்டிடம் அன்றுதான் கண்டது. செயலாளர் சாவிக்கொத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா செய்திகளைப் படிப்பதையே விட்டுவிட்டார். வந்தால் அழிப்பார், அழித்தால் வரும். எண்ணையே மாற்றிவிடலாம் என்றார் கணவர். "வேனைப் போய் அழி, ஊர்ல இருக்கிற மெஷின்ல எல்லாம் ஸ்டிக்கரைக் கிழி, அப்புறம் வந்து சொல்லு," என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஒருநாள் காலை, மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக் குளியலறையில், அக்கா மெஷினைச் சாய்த்து வைத்து அடியில் கையை விட்டிருந்தார். பம்ப் பாதி கழன்றிருந்தது. போன் அடித்தது. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா, சங்கத்துலருந்து பேசறேன். இப்ப உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்றீங்களா?"

அதே சின்னப் பெண். பழக்க தோஷத்தில் பட்டியலில் இருந்த எண்ணை அடித்திருக்கிறாள்.

"நான் ஐயா இல்லை, அக்கா!" என்றார். "யாருக்கிட்டேயும் சொல்லாதேன்னு நீங்களேதானே எழுதறீங்க?"

அந்தக் குரலை அந்தப் பெண் அடையாளம் கண்டுகொண்டாள். பிறகு மெதுவான குரலில், "மேடம், நீங்களா... அந்த மெம்பர் டீ குடிக்கப் போயிருந்தாரு, அதான் போன் போட்டேன். இப்ப என் எதிர்லதான் நிக்கறாரு. கார்டு புதுப்பிக்க வந்திருக்காரு."

அக்கா எழுந்த வேகத்தில் மெஷின் ஆடியது. "அவரை விட்டுடாதே! உட்கார வை, தண்ணி கொடு, கதவைச் சாத்து, என்ன வேணா பண்ணு. நான் வர்றேன்."

பம்பிலிருந்து தண்ணீர் தரையில் வழிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா துண்டோடு ஓடிவந்து, "என்னங்க, பாதியில போறீங்க?" என்றார். "ஒரு உயிர் போற விஷயம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார் அக்கா.

சங்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பெரிய உடம்பு, தேய்த்த சட்டை, கோபத்தில் சிவந்த காது. அவரை எழுந்து போகவிடாமல் அந்தப் பெண் நாலாவது டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நம்பர் என்னங்க?" என்று கேட்டார் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அவர் ஒப்பிப்பது போல் சொன்னார். அக்காவின் எண்.

"அது என் நம்பர்."

"என்னம்மா விளையாடுறியா? பஸ் ஓட்டின காலத்துலருந்து இதான் என் நம்பர். போன் இதோ கையிலதான் இருக்கு!"

"அதே போன்லருந்து அதே நம்பருக்குக் கூப்பிடுங்க, பார்ப்போம்."

"எனக்கு நானே கூப்பிடறதா? பைத்தியமா எனக்கு?"

"கூப்பிடுங்கய்யா!"

கண்ணாடி அதிர்ந்தது. அவர் கூப்பிட்டார். அக்காவின் பையில் மணி அடித்தது. போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் யாருமே பார்த்திராத ஒரு எண் இருந்தது.

கண் ஆபரேஷன் முடிந்து அவர் மகன் வீட்டில் படுத்திருந்த சமயம், பணம் போடாமல் பழைய சிம் செத்துப்போய், எண் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. மகன் புது சிம் போட்டுக் கொடுத்திருக்கிறான். நம்பர் மாறியதைச் சொன்னானாம். அப்பா காதில் வாங்கவில்லை. போன் அதே போன்தானே என்று இருந்துவிட்டார்.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, குரல் இறங்கி, "அப்போ அவன் கூப்பிட்டிருப்பானா?" என்றார்.

"யாரு?"

"சலூன் வச்சிருக்கான், என் சிநேகிதன். ஞாயித்துக்கிழமை ஆனா செஸ் போர்டுல காய் அடுக்கிட்டுக் கூப்பிடுவான். உடம்பு சரியில்லாம படுத்தவனை மறந்துட்டான் போலன்னு, நானும் போறதில்லை, பேசறதில்லை."

"கூப்பிட்டாருங்க," என்றார் அக்கா, தன் அளவுக்கு மெதுவாக. "நிறைய தடவை கூப்பிட்டாரு. நான்தான் காய்கறிக்காரர்னு நினைச்சுத் திட்டிட்டேன்."

அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. "பேசித் தொலைக்கிறேன் அவன்கிட்ட," என்றார்.

எண்ணை மாற்றும் வேலை அப்போதுதான் ஆரம்பித்தது. மென்பொருள் முதலில் பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பியது. அது வந்தது, இரண்டு தடவை. அக்கா முதலில் வந்ததைப் படித்தார். தவறு என்றது. இரண்டாவதைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. மறுபடி அனுப்பச் சொல்லி, வந்ததும் ஏலம் விடுவதுபோல் கத்தினார். ஏற்றுக்கொண்டது. அடுத்து புது எண்ணுக்கு ஒன்று அனுப்பியது. டிரைவருக்குச் செய்தி எங்கே திறப்பது என்று தெரியவில்லை. அவர் காமிராவைத் திறந்தார், டார்ச்சைப் போட்டார். அக்கா பிடுங்கித் திறந்தார். எல்லாம் முடிந்ததும் திரையில், "மேலதிகாரியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது" என்று வந்தது.

செயலாளர் அறைக் கதவு சாத்தியே இருந்தது. அக்கா தட்டவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "சார்!" என்றார். ஒரே ஒரு தடவைதான். சாவிக்கொத்து சத்தத்தோடு ஒப்புதல் வந்து சேர்ந்தது.

"மேடம்," என்றாள் சின்னப் பெண், நல்ல மனதோடு. "இப்ப உங்க நம்பர் ஃப்ரீயாயிடுச்சு. உங்க அப்ளிகேஷன் அப்படியே இருக்கு. மெம்பராச் சேர்த்துடட்டுமா?"

"கும்பிடறேன் தாயே," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அக்கா வேனுக்கு ஓடினார்.

மூன்றாவது மாடியில் வீட்டுக்காரம்மா தரையைத் துடைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பம்பை மாட்டி, இரண்டு தடவை ஓட்டிக் காட்டி, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டிலிருந்து பிறகு அழைப்பு வரவில்லை.

சங்கத்தின் செய்திகள் நின்றன. ஆனால் டிரைவர் தன் எண்ணைச் சங்கத்தில் மட்டுமா கொடுத்திருந்தார்? மருந்துக்கடை, கண் டாக்டர், தையல் கடை, கேஸ் ஏஜென்சி என்று ஆயுசு முழுக்கக் கொடுத்து வைத்திருந்தார். இன்றும் யார் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தப் பழைய எண்தான். புது எண் மனதில் நிற்கவில்லையாம். நிற்காதுதான், நாலு இலக்கம் தாண்டினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் எண் அது.

அக்காவுக்கு நிற்கிறது. "ஐயா, உங்க மாத்திரை வந்துடுச்சு" என்று யாராவது கூப்பிட்டால், மெஷினுக்கு அடியில் படுத்தபடியே டிரைவருடைய புது எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறார். எழுதிக்கொண்டார்களா என்று கேட்டு, திருப்பிச் சொல்லச் சொல்லி, தப்பாகச் சொன்னால் திருத்துகிறார். திட்டுவதில்லை. சொல்லி முடித்ததும், "எனக்கு இது தேவையா?" என்று மெஷினிடம் கேட்டுவிட்டு ஸ்பானரைத் தேடுகிறார்.