பொத்தையில் எடுத்த பாட்டு

என் மனைவிக்குச் சொந்த ஊர் முக்கூடல் பக்கம். அவள் பிறந்த வீட்டுக்குப் பின்னால், வயலைத் தாண்டி ஒரு பொத்தை உண்டு. மலை என்று சொல்ல முடியாது. வெறும் பாறைக் குன்று. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடிகாலையில் குடும்பமாக அதில் ஏறுவோம். உச்சியில் ஒரு கீர்த்தனை பாடி, ஜெபம் பண்ணிய பிறகுதான் கொண்டுபோன பலகாரத்தைத் தொடுவது வழக்கம். பாட்டை எடுப்பது எப்போதும் அவள்தான்.

போன வருஷம் அவளுக்குத் தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. காயம் ஆறியது, பேச்சும் கரகரப்போடு திரும்பியது. மேலே ஏறுகிற குரல் மட்டும் வரவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் கோயில் பாடகர் குழுவில், பெண்களில் மேல்குரலில் பாடுகிற சோப்ரானோ வரிசையில் முதல் ஆள் அவள். கீழ்க்குரலில் பாடுகிறவர்கள் ஆல்டோ வரிசை. அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் சபையோடு உட்கார்ந்திருந்தாள். பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பாத்திரம் துலக்கும்போது முனகுவாள், அதுவும் நின்றுபோயிருந்தது. இனிமேல் பாடவே மாட்டாளோ என்று எனக்குப் பயம். கேட்க வாய் வரவில்லை. தச்சநல்லூரில் ஒரு இரும்புக் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் எடுத்துக் கொடுக்கிறவன் நான். வாடிக்கையாளரிடம்கூட அளந்துதான் பேசுவேன்.

மறுநாள் நாங்கள் இருவரும், மகளும், மனைவியின் தம்பியும் ஏறினோம். பனியில் முன்னால் போகிறவர் முதுகுதான் தெரிந்தது. பாறை நனைந்து கிடந்தது.

"அத்தான், பைய வாங்க. பொத்தை எங்கனயும் ஓடிராது," என்றான் மைத்துனன். "முறுக்கு டப்பா உங்க கையிலல்லா இருக்கு, அதான் பயமா இருக்கு."

"அவனுக்குப் பசிக்கு," என்றாள் மனைவி.

கடைசி வளைவில் சட்டென்று பனிக்கு மேலே வந்துவிட்டோம். வெயில் முகத்தில் பட்டது. கீழே ஆறும் இல்லை, வயலும் இல்லை, ஒரே வெள்ளை. அங்கங்கே பனைமரங்களின் தலை மட்டும் நின்றது. அந்த வெள்ளைக்கு அடியிலிருந்து ஏதோ கோயிலின் மார்கழிப் பாட்டு ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது.

டப்பாவை நடுவில் வைத்தோம். யாரும் திறக்கவில்லை, யாரும் பாட்டை எடுக்கவும் இல்லை. மகள் போனில் படம் பிடிப்பதுபோல் நின்றாள். மனைவி கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இந்தத் தடவை ஜெபம் மட்டும் பண்ணிருவமாக்கா?" என்று தம்பி கேட்டான்.

"ம்," என்றாள்.

அந்த 'ம்' எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வருஷம் விட்டால் அப்புறம் எப்போதுமே விட்டதுதான். கோயிலில் பின்வரிசையில் நின்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைக்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வரி எப்படியோ போனது. இரண்டாவது வரியில் ராகம் ஏறுகிற இடத்தில் எனக்கு அதற்கு மேல் தொண்டை இல்லை. துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்து நின்றது.

"அப்பா, அவ்வளவு ஒசரத்துக்கு நம்ம ஊர்ல பொத்தையே கிடையாதுப்பா!" என்றாள் மகள். மைத்துனன் சிரித்துச் சிரித்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான். என் காது சுட்டது. மனைவியும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க இவ்வளவு மேல எடுத்தீங்க?"

"நீ அங்கனதான எடுப்ப," என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்தப் பாட்டை அவள் குரலில்தான் எனக்குத் தெரியும். வேறு உயரத்தில் அது இருக்கும் என்றே நினைத்ததில்லை.

அவள் சிரிப்பு அடங்கியது. கழுத்துத் துண்டைத் தளர்த்தினாள். பிறகு அதே பாட்டை எடுத்தாள், வெகு கீழேயிருந்து, ஆண்கள் பாடுகிற மாதிரி. அப்படி அவள் பாடி நான் கேட்டதில்லை. தம்பி எழுந்து சேர்ந்துகொண்டான், மகளும் சேர்ந்தாள். ஏறுகிற இடத்தில் ஒரு சொல் வெறும் காற்றாகப் போனது. அதை விட்டுவிட்டு அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மைத்துனன் பசியில் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தான்.

இறங்கும்போது பனி கலைந்து ஆறு தெரிய ஆரம்பித்தது. வழுக்குகிற இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு மனைவி கேட்டாள்.

"ஆல்டோ வரிசையில ஒரு இடம் கிடக்கும்லா?"

"கிடக்கும். கேட்டுப் பாரு."

"கேக்கணும்," என்றாள். இன்னும் இரண்டு பாறை இறங்கிய பிறகு, "நீங்க எப்பவும் போல வாயை மட்டும் அசைச்சாப் போதும்," என்றாள்.

இத்தனை வருஷமும் அது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.