தம்பி போட்ட ஒட்டு

தம்பி போய் ஏழு மாதம் கழித்து, கொசுப் புழு பார்க்க வந்த பெண் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிடந்த படகை எட்டிப் பார்த்தாள். மார்கழி மாதம். படகின் முன்பக்கம் செங்கல் மேல் ஏறி நின்றதால் மழைத் தண்ணீர் முழுக்கப் பின்பக்கம் தேங்கியிருந்தது.

"இத்தக் கவுத்துப் போடுங்கம்மா. இல்லாங்காட்டி நான் எழுதிக்கினு போவணும்" என்றாள்.

அம்மா உள்ளே போய்விட்டாள். அதற்கு முன்பே அந்தப் படகை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேரிடமும் "அது எங்க பையனுது" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள். யாரும் அதைத் தொட்டதில்லை.

தம்பிக்கு எலக்ட்ரீசியன் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிதான். சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு மீன்காரர் கழித்துப் போட்ட சின்ன பைபர் படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருவே வேடிக்கை பார்க்க இறக்கினான். படகு வந்த இரண்டாவது மாதமே, ஏரித் தண்ணீர் வழிகிற கலங்கல் கல்லில் மோதி முன்பக்கம் அடியில் கிழித்துக்கொண்டான். அவனே ஒட்டுப் போட்டான். அடுத்த வைகாசியில், காஞ்சிபுரம் போய்விட்டுத் திரும்பும்போது, பாலாற்றுப் பாலம் தாண்டி ஒரு லாரி அவனை அடித்துவிட்டது. இருபத்தாறு வயது.

பக்கத்துத் தெருவில் ஏரி மீன் பிடிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவரும் நானும் சேர்ந்துதான் படகைக் கவிழ்த்தோம். அப்போதுதான் அவன் போட்ட ஒட்டை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன். ரோலர் இல்லாமல் வெறுங்கையால் அழுத்தியிருக்கிறான். காய்ந்துபோன ரெசின் பசையில் நாலு விரலும் பதிந்திருந்தன. சுண்டுவிரல் கொஞ்சம் விலகி.

ஒட்டுப் போட்ட அன்று அவன் என்னைக் கூப்பிட்டான். நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய காலை அது.

"யக்கா, இந்த பைபர் மேட்டுத் துணியை ஒரு ஓரம் செத்தப் புடி. ரெசின் ஊத்தறதுக்குள்ள சுருட்டிக்குது."

"தூக்கம் வருதுடா. நீயே பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த ஒட்டு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மறு ஞாயிறு முட்டிவரை நனைந்து வந்து நின்று, "ஏரியே உள்ள வந்துடுச்சுக்கா" என்று சிரித்தான். அப்புறம் மறுபடி ஒட்ட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

படகைக் கவிழ்த்த பிறகு என்னால் அதை அப்படியே விட முடியவில்லை. தை பிறந்ததும் செங்கல்பட்டில் ஒரு கடைக்குப் போய் ரெசின், அதை இறுக வைக்கிற ஹார்டனர், பைபர் மேட், ரோலர் எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். "பழைய ஒட்டு மேல புதுசு போட்டா நிக்காதும்மா. பழசை மொத்தமா எடுக்கணும். நல்ல இடம் தெரியற வரைக்கும் தேய்க்கணும்." நான் தலையாட்டிக்கொண்டேன். ஆனால் அதை எடுக்கப்போவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

முதல் ஞாயிறு உடைந்த தண்ணீர்த் தொட்டித் துண்டு ஒன்றில் பழகிப் பார்த்தேன். ஹார்டனர் அதிகமாகிவிட்டது. நான் மேட்டை வெட்டிக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் மக்கில் இருந்த ரெசின் கொதிக்கிற மாதிரி சூடாகிப் புகைந்தது. பிரஷ் உள்ளேயே கல்லாகி நின்றுவிட்டது. அடுத்த வாரம் பயத்தில் குறைத்துவிட்டேன். மறுநாள் தொட்டால் விரலோடு வந்தது. எறும்பெல்லாம் ஒட்டிச் செத்திருந்தது. மூன்றாவது வாரம்தான் கை பழகியது. மேட்டு நனைந்து வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும்போது, உள்ளே நிற்கிற காற்றை ரோலரால் ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்ற வேண்டும். அவசரப்படக் கூடாது. ஆறவும் விடக் கூடாது.

படகைத் திருப்பிப் போட்டு, தம்பியின் ஒட்டைத் தொடாமல், உட்பக்கமாகவே புது ஒட்டுப் போட்டேன். காய்ந்த பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியில், அவன் விரல் பதிந்த இடத்தின் ஓரமாக, சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது.

மறுபடி கவிழ்த்துவிட்டு, தேய்த்து எடுக்கிற கை கிரைண்டரை எடுத்தேன். அம்மா வந்து நின்றாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"இத எடுத்தாத்தாம்மா புதுசு நிக்கும். தண்ணி வருது."

"வரட்டுமே. நீ எங்க போவப் போற அதுல? அவன் கை கீதுடி அதுல."

அம்மா அதுவரை அதைப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கிரைண்டரைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். மூன்று வாரம் நாங்கள் படகைப் பற்றிப் பேசவில்லை.

நாலாவது ஞாயிறு துணி காயப்போட்டுவிட்டு வந்த அம்மா, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எடுத்துடு. நான் உள்ள இருக்கேன்." உள்ளே போய் டிவியைச் சத்தமாக வைத்தாள்.

கிரைண்டருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு லேசாக நெம்பினேன். தோசைக்கல்லில் இருந்து தோசை வருகிற மாதிரி முழுசாக வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால், பின்னால் காய்ந்த பாசியும் சேறும் அப்படியே இருந்தன. அவன் இடத்தைத் துடைக்காமலே ஒட்டியிருக்கிறான். ரெசின் ஒரு கை, மேட்டு ஒரு கை என்று அல்லாடியவனுக்குத் துடைக்க ஏது கை? பக்கத்தில் ஒருத்தி நின்றிருந்தால், 'துடைச்சியாடா' என்று கேட்டிருப்பாள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முந்தானையால் சேற்றைத் துடைத்தாள்.

அன்று முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பைபர் தூள் முழுக்கைச் சட்டையையும் தாண்டி உள்ளே போய் இரண்டு நாள் அரித்தது. மூன்று அடுக்கு மேட்டு, ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிப் போட்டேன். இந்த முறை ஒரு சொட்டும் இறங்கவில்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. சொல்ல ஆள் இல்லை.

பங்குனியில் ஏரியில் இன்னும் தண்ணீர் இருந்தது. பக்கத்துத் தெரு மீன்காரரே மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார். நானும் அவரும் போவதாகத்தான் பேச்சு. கிளம்பும்போது அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். நீச்சல் தெரியாதவள், ஏரிக்கரைக்குக்கூட வராதவள்.

"ஒக்காருக்கா, ஒண்ணும் ஆவாது" என்றார் அவர் அம்மாவிடம். மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினார். அம்மா இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கரை தூரமானதும் மெதுவாகச் சொன்னாள்.

"அன்னிக்கு அவன் காஞ்சிபுரம் போவலன்னுதான் சொன்னான். நான்தான் என் மூக்குக் கண்ணாடி ரெடியாயிடுச்சு, போய் வாங்கியான்னு அனுப்புனேன்."

அந்தக் கண்ணாடி பைக் பெட்டிக்குள் கீறல்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைப் போட்டதே இல்லை. பவர் சரியில்லை என்று சொல்லிவந்தாள். நானும் நம்பிவிட்டேன்.

மீன்காரர் தள்ளுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேட்டு பிடிக்க மறுத்த காலையை அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "வேலைக்குப் போயிட்டு வந்தவ தூங்குனா தப்பா?" என்றாள்.

"கண்ணு தெரியாதவ கண்ணாடி கேட்டா மட்டும் தப்பா?" என்றேன்.

அம்மா விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து என் முழங்கால் மேல் வைத்தாள்.

படகை மீன்காரரிடமே கொடுத்துவிட்டோம். அம்மாதான் கொடுக்கச் சொன்னாள்.

சித்திரையில் அவளுக்குப் புதுக் கண்ணாடி வாங்க காஞ்சிபுரம் கிளம்பினோம். வேறு வழியாகப் போகலாம் என்றேன். வேண்டாம் என்றாள். பாலம் நெருங்கும்போது "எந்த எடம்?" என்று கேட்டாள். கையைக் காட்டினேன். ஒரு புளியமரம், அதன் கீழே இளநீர் குவித்த சைக்கிள் வண்டி, இரண்டு பேர் நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்கு அது எவ்வளவு தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பஸ் தாண்டிப் போன பிறகும் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.